பச்சையா தின்ற இலை: கேல் சாலடுக்குப் பின்னால இருக்கிற ரெண்டாயிரம் வருஷம்

இந்த வாரம் ஒரே ஒரு இலையைப் பத்திப் பேசப் போறோம். கேல். தமிழில் இதைப் பரட்டைக்கீரைன்னு எழுதுறவங்க உண்டு. ஆனா கடையில போய் அப்படிக் கேட்டா கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பார்ப்பார், அதனால நாமளும் கேல்னே வச்சுக்குவோம். ஓரம் சுருட்டை சுருட்டையா, நடுவுல தடிச்ச தண்டோட, கையில எடுத்தா கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கிற இலை. இதைப் பச்சையா நறுக்கி, எண்ணெயும் உப்பும் போட்டுப் பிசைஞ்சு, எலுமிச்சை பிழிஞ்சு சாலடா சாப்பிடுறது கடந்த 15, 20 வருஷத்துல அமெரிக்காவுல பெரிய மோஸ்தர் ஆச்சு. அங்கேருந்து நம்ம ஊர் பெரிய ஹோட்டல் மெனு வரைக்கும் வந்தாச்சு.

"காசு இருக்கிறவங்க காசு கொடுத்துச் சாப்பிடுற மாட்டுத்தீனி"ன்னு இதைக் கிண்டல் பண்றவங்க இருக்காங்க. மாட்டுத்தீனிங்கிறது உண்மைதான், ஐரோப்பாவுல கால்நடைக்குன்னே வளர்க்கிற கேல் வகைகள் உண்டு. ஆனா பச்சையா சாப்பிடுறது புதுப் பைத்தியம்னு நினைச்சா அது சரியில்ல. அதுக்கு 2,100 வருஷத்துக்கு மேலான எழுத்துச் சாட்சி இருக்கு. அதுக்கும் இன்னைக்கும் நடுவுல ரொம்ப காலம் இந்த இலை யார் பானையில கொதிச்சுது, அவங்க அதனால என்ன பேர் வாங்கினாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல செடி. கேல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூல்கோல் இது அஞ்சும் தாவரவியல்படி ஒரே இனம். பிராசிகா ஒலரேசியா. மனுஷன் ஒரு பக்கம் இலையைப் பெருக்கினான், ஒரு பக்கம் மொட்டைப் பெருக்கினான், ஒரு பக்கம் தண்டைப் பெருக்கினான், அவ்வளவுதான் வித்தியாசம். இதுல தலை கட்டாம இலை இலையா விரிஞ்சு நிக்கிற பழைய வடிவம்தான் கேல். இதோட காட்டுச் சொந்தக்காரன் எங்கேன்னு ரொம்ப நாளா சண்டை. இங்கிலாந்துக் கடலோரப் பாறையில வளர்ற செடிதான்னு ஒரு கட்சி. 2021ல் வந்த ஒரு மரபணு ஆய்வு, கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ற பிராசிகா கிரெட்டிகாதான் உயிரோட இருக்கிற நெருங்கின சொந்தம்னு சொல்லுது. ஆக, இது வெயில் ஊர்ல பிறந்து குளிர் ஊருக்குக் குடிபோன செடி.

இப்போ ரோம். மார்க்கஸ் போர்சியஸ் கேட்டோ, கி.மு. 234ல் பிறந்து 149ல் இறந்தவர். படைத்தலைவர், செனட்டர், நிலக்கிழார், கடுமையான ஆள். கி.மு. 160 வாக்கில் விவசாயத்தைப் பத்தி ஒரு நூல் எழுதினார். லத்தீன் மொழியில முழுசா நமக்குக் கிடைச்ச உரைநடை நூல்கள்ல அதுதான் ரொம்பப் பழசு. ஒயின் எப்படிப் போடணும், ஆலிவ் எப்படிப் பிழியணும்னு கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிட்டே போறவர், பிராசிகான்னு வந்ததும் பக்கம் பக்கமா உருகிப் போறார். எல்லாக் காய்கறிக்கும் மேல இதுதான், வேகவச்சும் சாப்பிடலாம், பச்சையாவும் சாப்பிடலாம், பச்சையா சாப்பிட்டா வினிகர்ல தோய்ச்சுச் சாப்பிடுங்கங்கிறார். அன்னைக்கு ரோமர்கள்கிட்ட இருந்தது பெரும்பாலும் தலை கட்டாத வகைகள்தான். அவரே அதுல ஒண்ணைச் சுருட்டை இலைன்னு விவரிக்கிறார். நாம இன்னைக்குக் கேல்னு சொல்றதுக்குக் கிட்டத்தட்ட அதே.

விருந்துக்குப் போறீங்களா, நிறையக் குடிக்கணுமா? முன்னாடியே வினிகரோட பச்சை இலையை வேணுங்கிற அளவு சாப்பிட்டுப் போங்க, வந்ததும் இன்னும் ஒரு அஞ்சு இலை தின்னுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு யோசனை வேற சொல்றார். இதுக்குப் பின்னால ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. திராட்சைக் கொடிக்கும் இந்தச் செடிக்கும் ஆகாதுன்னு கிரேக்கர்கள் நம்பினாங்க. கொடி இதோட வாசனைக்கே விலகிப் போகும்னு தியோஃபிராஸ்டஸ் எழுதியிருக்கார். கொடிக்கு ஆகாதது ஒயினுக்கும் ஆகாதுங்கிற தர்க்கம். யாரும் நம்பி முயற்சி பண்ணாதீங்க. இதைச் சாப்பிடுறவங்களோட சிறுநீர்ல குழந்தையைக் குளிப்பாட்டினா குழந்தை பலமா இருக்கும்னும் அதே ஆள்தான் எழுதினார்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். அதே நூல்ல கேட்டோ தன் பண்ணை அடிமைகளுக்கு ரொட்டியோட தொட்டுக்க என்ன கொடுக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்கார். காத்துல உதிர்ந்த ஆலிவ் காய், அது தீர்ந்தா மீன் ஊறுகாய்க் கசடும் வினிகரும். வயசான அடிமையையும் நோயாளி அடிமையையும் வித்துடணும்னும் எழுதினவர் அவர். இந்த இலையோட பெருமையெல்லாம் வீட்டு எஜமானனுக்கு எழுதினது.

அடுத்த சாட்சி பிளினி. கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ இறந்துபோனாரே, அவர்தான். அவரோட இயற்கை வரலாறுல ரெண்டு மூணு குறிப்பு இருக்கு, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம். அப்போ ரோம்ல ஊரறிஞ்ச சாப்பாட்டுப் பிரியர் ஒருத்தர், அபிசியஸ். இந்தச் செடியோட இளங்குருத்து தனக்கு ஆகாதுன்னு ஒதுக்கிட்டார். அவரைப் பார்த்துப் பேரரசர் டைபீரியஸோட மகன் துரூசஸும் அதைத் தொடமாட்டேன்னுட்டான். அப்பா கண்டிச்சாராம். ஒரு கீரை கௌரவமா இல்லையாங்கிறது அரண்மனைச் சண்டையா ஆயிருக்கு பாருங்க.

ஆனா அதே அபிசியஸ் பேர்ல இன்னொரு குறிப்பு. இலையை வேகவைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெயிலயும் உப்புலயும் ஊற வச்சா பச்சை நிறம் போகாதுன்னு அவர் முறை இருந்ததாம். எண்ணெய், உப்பு, ஊறல். இன்னைக்கு வீடியோவுல "கேலை மசாஜ் பண்ணுங்க"ன்னு சொல்றாங்களே, அதுல பாதி வேலை இதுலயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் பிளினி ஒரு புலம்பல் புலம்புறார். ஒரு செப்புக்காசுக்கு விக்கிற கீரையிலகூடப் பணம் ஏற்றத்தாழ்வைக் கொண்டுவந்துடுச்சு, ஏழையோட மேசையிலேயே வைக்க முடியாத அளவுக்குக் கோஸைக் கொழுக்க வச்சு வளர்க்கிறாங்கன்னு. 1,900 வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. இன்னைக்குப் பத்திரிகையில வந்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இங்கேருந்து நாம வடக்கே, ஸ்காட்லாந்துக்குப் போகணும். ஏன்னா இந்த இலை மனுஷனை நிஜமாவே உயிரோட வச்சது அங்கதான். மண் சரியில்ல, காத்து அடிக்கும், கோடை சின்னது. கேல் அந்த இடத்துக்குன்னே அமைஞ்ச செடி. ரெண்டு வருஷத் தாவரம், முதல் வருஷம் பூக்காது, குளிர் முழுக்க நிக்கும். கீழ் இலையைப் பறிச்சா மேல துளிர்க்கும். உறைபனி பட்டா சாகாம, தன்னைக் காப்பாத்திக்க இலையில சர்க்கரையைக் கூட்டிக்கும், அதனால பனிக்கு அப்புறம் பறிச்ச கேல் இனிப்பா இருக்கும். குளிர்காலச் சேமிப்பு தீர்ந்து, புதுப் பயிர் இன்னும் வராத வசந்த மாசங்களை ஆங்கிலத்துல பசி இடைவெளின்னே சொல்லுவாங்க. அந்த இடைவெளியை அடைச்சது இது. ஷெட்லாண்ட் தீவுகள்ல இன்னைக்கும் சின்னச் சின்ன வட்டக் கல் சுவர்களைப் பார்க்கலாம். ஆடும் காத்தும் தொடாம கேல் நாத்து வளர்க்கக் கட்டினது.

வீட்டுப் பின்னால இருக்கிற கொல்லைக்கே ஸ்காட்லாந்துல பேரு "கேல்யார்டு". சாப்பாட்டுக்கே "கேல்"னு சொல்லியிருக்காங்க. சாப்பாட்டு மணிக்குப் பேர் கேல் மணி. நாம "சோறு சாப்டாச்சா"ன்னு கேக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. 1773ல் அங்க பயணம் போன சாமுவேல் ஜான்சன், கேல் நடக் கத்துக்கொடுத்தது குரோம்வெலோட சிப்பாய்கள்னு அபர்டீன்ல யாரோ சொன்னதை எழுதிட்டு, கேல் இல்லாத காலத்துல இவங்களுக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுன்னு ஒரு குத்தும் குத்திட்டுப் போறார். இங்கிலாந்துக்காரரோட நக்கல். அதுல பசியைப் பார்த்த பதிவும் இருக்கு.

ராபர்ட் பர்ன்ஸ் 1785ல் எழுதின ஹாலோவீன்ங்கிற கவிதையில ஒரு வழக்கம் வருது. கண்ணை மூடிக்கிட்டுத் தோட்டத்துல ஒரு கேல் செடியைப் பிடுங்கணும். தண்டு நேரா இருந்தா வரப்போற துணை வாட்டசாட்டமா இருப்பாங்க, கோணலா இருந்தா அப்படியே. வேருல ஒட்டின மண்ணு வரதட்சணை. தண்டோட உள்சோறைக் கடிச்சுப் பார்த்தா, இனிப்பா கசப்பாங்கிறதுதான் குணம். கல்யாணத்துக்கே ஜோசியம் பார்க்கிற அளவுக்கு ஒரு கீரை வாழ்க்கையில கலந்திருந்தது.

ஆனா அவங்க இதைப் பச்சையா சாப்பிட்டதா நான் எங்கயும் படிக்கல. ஓட்ஸோ பார்லியோ போட்டு ஒரே பானையில கொதிக்கவிட்ட கஞ்சிதான். என் கணிப்பு இது: கேட்டோவோட பச்சைக் கேலுக்கு வினிகரும் ஆலிவ் எண்ணெயும் வீட்லயே விளைஞ்சுது. வடக்குக் குடிசைக்கு ஆலிவும் எட்டாது, எலுமிச்சையும் எட்டாது. கொழுப்பும் புளிப்பும் இல்லாம இந்த இலையைப் பச்சையா மென்னு பாருங்க, தாடை வலிக்கும். கொதிக்கவச்சா இலை இளகும், வயிறு சூடாகும், தண்ணி ஊத்தினா இன்னொரு ஆளுக்கும் பத்தும். சாலட்ங்கிறது இலை மட்டும் இல்ல, இலையைச் சுத்தி இருக்கிற மத்த சாமான். அதுக்கு வசதி வேணும்.

அப்புறம் பேர் கெட்டுது. 1895ல் ஜே. எச். மில்லர்ங்கிற விமர்சகர், கிராமத்தைப் பத்தி உருக்கமா கதை எழுதின ஜே. எம். பேரி மாதிரியான எழுத்தாளர்களுக்கு "கேல்யார்டு கோஷ்டி"ன்னு பேர் வச்சார். பாராட்டு இல்ல. கொல்லைப்புறப் புத்திங்கிற அர்த்தம். ஜனங்களை வாழவச்ச இலை, ஒருத்தரை மட்டம் தட்டுற வார்த்தையா ஆயிடுச்சு.

மத்த ஊரை வேகமா பார்த்துடலாம். இத்தாலியில டஸ்கனி பக்கம் கருங்கேல், மீந்த ரொட்டியோட திரும்பத் திரும்பக் கொதிக்கவைக்கிற ரிபொல்லித்தா. போர்ச்சுகலோட வடக்குல கேலைத் தலைமுடி மாதிரி மெல்லிசா அரிஞ்சு உருளைக்கிழங்கு சூப்புல போடுற கால்டோ வெர்டே. இந்த மெல்லிசா அரியிற விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவோம். ஏழை உணவுங்கிற கதைக்கு ஒத்துவராத ஊரும் ஒண்ணு இருக்கு, ஜெர்மனியோட பிரேமன். அங்கே கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் 1545ல் தொடங்கின அறக்கட்டளையோட வருடாந்தர விருந்துல, கோட்டு போட்ட பெரிய மனுஷங்களுக்குக் கேலும் சாசேஜும் பரிமாறுறாங்க. எல்லா இடத்துலயும் கேல் தலைகுனியல.

அமெரிக்காவுக்கு வருவோம். 1980, 90கள்ல அங்க சாலட் பார்கள்ல கேல் இருந்துது. தட்டுல இல்ல. ஐஸ் மேல, கிண்ணங்களுக்கு நடுவுல, அலங்காரமா. வாடாதுங்கிறதுதான் அதோட தகுதி. ராத்திரி குப்பைக்குப் போயிடும். 2007ல் ப்ரூக்ளின்ல ஃபிரானிஸ்ங்கிற உணவகத்துல ஜோஷுவா மெக்ஃபேடன்ங்கிற சமையல்காரர் டஸ்கனிக் கருங்கேலைப் பச்சையா அரிஞ்சு, பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், மிளகாய், பெக்கரினோ சீஸ், ரொட்டித்தூள் போட்டுச் சாலடா கொடுத்தார். மெலிஸா கிளார்க் அதை நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாங்க. அதுக்கு முன்னாடியே சமைக்காத உணவுதான் நல்லதுன்னு நம்பின சின்னக் கூட்டங்கள்ல இது புழங்கிட்டுத்தான் இருந்தது, ஆனா ஊரெல்லாம் பரவினது இதுக்கு அப்புறம். அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்புல 2007ல் கேல் அறுவடை பண்ணின பண்ணைகள் 954, 2012ல் 2,500. 2014ல் பியான்சே ஒரு பாட்டு வீடியோவுல கேல்னு பெரிய எழுத்து போட்ட சட்டையோட ஆடினாங்க. அங்கேருந்து பைத்தியம் உச்சத்துக்குப் போச்சு.

இந்தக் கொண்டாட்டத்துல ஒரு இலை ஓரமா நின்னுச்சு. கொல்லார்ட். அதே பிராசிகா ஒலரேசியா, அதே தலை கட்டாத வகை, இலை மட்டும் சுருளாம தட்டையா இருக்கும். அமெரிக்கத் தெற்குல அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் தங்களுக்குக் கிடைச்ச துண்டு நிலத்துல வளர்த்து, பன்றியிறைச்சித் துண்டு போட்டு மணிக்கணக்கா வேகவச்சு, அந்தத் தண்ணியையும் விடாம சோளரொட்டியோட தொட்டுச் சாப்பிட்ட கீரை. சத்துன்னு பார்த்தா கேலுக்குக் கிட்டத்தட்ட சமம். கேல் பத்திரிகை அட்டைக்கு வந்த வருஷங்கள்ல கொல்லார்டுக்கு "கனமான தெற்கத்திச் சாப்பாடு"ங்கிற பேர்தான். அப்புறம் "அடுத்த கேல் கொல்லார்ட்தான்"னு எழுத ஆரம்பிச்சாங்க. 2014ல் மிக்கி கெண்டல்ங்கிற எழுத்தாளர் இதுக்கு ஒரு பேர் கொடுத்து விவாதத்தைக் கிளப்பினாங்க. ஏழைங்க தெருவுக்குப் பணக்காரங்க குடிவந்து வாடகையை ஏத்துற மாதிரி, ஏழைங்க தட்டுக்கும் குடிவர்றாங்க, விலை ஏறினா முதல்ல வெளியேறுறது யார்னு கேட்டாங்க. இது கீரைக்காகப் போடுற சண்டை இல்லைங்கிறது கேட்டவங்களுக்குப் புரிஞ்சுது. பேர் கெட்ட காலம் முழுக்க அதைத் தின்னவங்க ஒருத்தங்க, பேர் வாங்கினப்போ அதை வித்தவங்க வேற ஒருத்தங்க.

சரி, சமையலறைக்கு வருவோம். இதை வீகனா, ருசியா எப்படிப் பண்றதுன்னு பாதிப் பேர் காத்துட்டு இருப்பீங்க. வீகன்ங்கிற சொல்லே 1944ல், போர் நடந்துட்டு இருந்த இங்கிலாந்துல, டொனால்ட் வாட்சன்ங்கிற மரவேலை வாத்தியாரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கினது. பால், முட்டையும் வேண்டாம்ங்கிறவங்களுக்குத் தனிப் பேர் வேணும்னு, வெஜிடேரியன்ங்கிற ஆங்கிலச் சொல்லோட முதல் மூணு எழுத்தையும் கடைசி ரெண்டு எழுத்தையும் சேர்த்தாங்க. இந்தக் கணக்குல ப்ரூக்ளின் சாலட் தேறாது, அதுல சீஸ் இருக்கு. சீஸை எடுத்தா உப்பும் கொழுப்பும் அடிநாக்குல நிக்கிற அந்த ருசியும் சேர்ந்து போயிடும். அதை வேற எங்கேருந்தாவது கொண்டுவரணும். வீகன் கேல் சாலட் சப்புன்னு இருக்குன்னு சொல்றவங்க பெரும்பாலும் இந்த ஈடு கட்டாதவங்க.

ரெண்டு பேருக்கு 200 கிராம் இலை. தண்டை உருவி எடுத்துடுங்க. இலையைச் சுருட்டி மெல்லிசா அரியுங்க, போர்ச்சுகல்காரங்க மாதிரி. அரியும்போது ஒரு காரவாசனை வருதா? கேல் கடுகோட குடும்பம். இலைக்குள்ள ஒரு சேர்மமும் ஒரு நொதியும் தனித்தனி அறையில இருக்கு, கத்தி பட்டதும் ரெண்டும் கலந்து அந்தக் காரத்தை உண்டாக்குது. சூடு பட்டா நொதி செயலிழந்துடும். அதனால பச்சை இலையில கடுகு நெடி அதிகம். சிலருக்கு இந்தக் கசப்பு மத்தவங்களைவிட ரொம்பத் தூக்கலா தெரியும், அது பிறவியிலேயே வர்ற மரபணு வித்தியாசம். அவங்களைச் "சாப்பிட்டுப் பழகு"ன்னு அதட்டாதீங்க.

அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். நல்லெண்ணெய் நல்லாவே பொருந்தும். ரெண்டு மூணு நிமிஷம் கையால நல்லாப் பிசையுங்க. உப்பு உள்ள இருக்கிற தண்ணியை இழுக்கும். இலை மேல இருக்கிற மெழுகுப் படலத்தைத் தண்ணியோ வினிகரோ சுலபமா தாண்டாது, எண்ணெய் தாண்டும். குவியல் பாதியா இறங்கி, நிறம் கருப்பச்சையா மாறினா நிறுத்துங்க. புளிப்பு கடைசியில. முன்னாடியே சேர்த்துட்டா நேரம் போகப் போக நிறம் மங்கும். ஒரு எலுமிச்சையில பாதி, நசுக்கின பூண்டு ஒரு பல், மிளகாய்த் துகள்.

சீஸுக்கு ஈடு: ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ரெண்டு ஸ்பூன் எள்ளு, காஞ்ச ரொட்டித் துண்டு ஒண்ணு, எல்லாத்தையும் உப்போட கரகரன்னு பொடிச்சு, எண்ணெயில பொன்னிறமா வறுத்து மேல தூவுங்க. கசப்புக்கு எதிரா கொஞ்சம் இனிப்பு வேணும், ரெண்டு பேரீச்சம்பழமோ அரை ஆப்பிளோ போதும்.

இந்த முறை நமக்கு ரொம்ப அந்நியமும் இல்ல. யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பல்ல என்ன நடக்குது? பச்சை இலையைப் பொடியா அரிஞ்சு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைஞ்சு, தேசிக்காய்ப் புளி விடுறாங்க. கொழுப்பு தேங்காய்ல, புளிப்பு தேசிக்காய்ல. டொராண்டோ, லண்டன்ல இருக்கிற ஈழத்து வீடுகள்ல வல்லாரை கிடைக்காத நாள்ல கேல் அந்த இடத்துக்கு வந்திருக்கு, வறையாவும் சம்பலாவும். என்னைக் கேட்டா இந்தத் தேங்காய்ப்பூ சேர்த்ததுதான் ப்ரூக்ளின் சாலடைவிட ருசி. சீஸ் இல்லையேங்கிற நினைப்பே வராது.

ஒரு எச்சரிக்கை. கேல்ல வைட்டமின் கே ரொம்ப அதிகம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவங்க வீட்ல இருந்தா, திடீர்னு தினம் ஒரு கிண்ணம்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

மீந்தா கொட்டாதீங்க. மேல தூவுற பொடியைத் தனியா வச்சுட்டு இலையை மட்டும் மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. மத்த சாலட் இலையெல்லாம் ஒரு மணி நேரத்துல தொங்கிப் போகும், இது மறுநாள் மத்தியானம் வரைக்கும் நல்லா இருக்கும், சொல்லப்போனா இன்னும் இளகி ருசி கூடியிருக்கும்.